ஆணித் துப்பாக்கியும் ஆடும் தலைகளும்

தலையாட்டிகளை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள். யாரும் கவனிக்கக் கூடாது என்பதற்காகத்தானே அவர்கள் தலையாட்டுகிறார்கள்! யாராவது எதையாவது விளக்கத் தொடங்கினால் போதும், இவர்களுடைய கழுத்து தானாக வேலையை ஆரம்பித்துவிடும். சொல்கிறவர் வாக்கியத்தை முடிக்கட்டும் என்றுகூடக் காத்திருக்காது.

கிளினிக்கில் மருந்து கொடுக்கிற பெண், "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி, இது வலிச்சா மட்டும், இதையும் அதையும் ஒன்னா சாப்பிட்டுறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போவாள். தலையாட்டி ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஓர் ஆட்டு ஆட்டுவார். பிறகு வீட்டுக்கு வந்து, எல்லாப் பொட்டலங்களையும் மேசையில் பரப்பி வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று அத்தனையையும் சாப்பாட்டுக்கு நடுவில் விழுங்குவார்.

வழி கேட்டாலும் இதே கதைதான். "மூனாவது சிம்பாங்ல இடது பக்கம் திரும்பி, சீனன் கடைய தாண்டி, பாலத்துக்கு முன்னாடி வலது" என்று ஒருவர் கையை நீட்டி நீட்டிச் சொல்வார். தலையாட்டி தலையாட்டுவார், நன்றியும் சொல்வார். அந்த ஆளின் கண்ணில் படாத தூரம்வரை நேராகப் போய், அங்கே நிற்கிற இன்னொருவரிடம் கேட்பார். அவரிடமும் தலையாட்டுவார். இப்படியே ஆட்டி ஆட்டி, பெக்கோக்கில் நடக்கிற கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஒரு பெண், லாபிஸில் வேறு யாருடைய கல்யாணத்திலோ உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, பரிசையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். மணப்பெண் வேறு முகமாக இருந்ததை அவள் கவனிக்கவில்லையா? கவனித்தாள். மேக்கப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் நான்தான்.

இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று இனி நீங்கள் கேட்க மாட்டீர்கள். என் வீட்டில் கண்ணாடி இருக்கிறது.

தலையாட்டிகளிலும் பிரிவுகள் உண்டு. வேகமாக ஆட்டுகிறவர் ஒரு ரகம். பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்பது அவருடைய ஆசை. மெதுவாக ஆட்டுகிறவர் அடுத்த ரகம். இவர் கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு ஆட்டுவதால், ஆழமாக யோசிக்கிறார் என்று ஊர் நம்பும். சில இடங்களில் இவர்களைத் தலைவராகவும் ஆக்கிவிடுகிறார்கள். கடைசியாக, புன்னகையோடு ஆட்டுகிறவர். கூச்சக்காரர்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவுதான். வாயைத் திறந்தால் குரல் எப்படி வருமோ என்ற பயத்தில் பற்களை மட்டும் காட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். நான் இருபது வருடமாக இந்தப் பிரிவில் இருக்கிறேன். இதுவரை புகார் வந்ததில்லை.

இந்த வித்தையை எங்கே கற்றேன்? பள்ளிக்கூடத்தில்தான். கணக்குப் பாடம் முடிந்ததும் ஆசிரியர், "புரியாதவங்க எழுந்து நில்லுங்க" என்பார். புரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கலாம். எந்தப் பக்கம் சௌகரியம் என்று ஒரு நாளிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வகுப்பில் எனக்குப் புரிந்த ஒரே விஷயமும் அதுதான். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டு நின்றபோது கணக்கு வரவில்லை, மலாய் அரைகுறை, ஆங்கிலம் கால்வாசி. கழுத்து மட்டும் நன்றாகத் தேறியிருந்தது.

அந்தக் கழுத்தோடுதான் யோங் பெங்கிலிருந்து பாரிட் சூலோங் போகிற சாலையில் இருக்கிற பேலட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். பேலட் என்றால் வேறொன்றுமில்லை, துறைமுகங்களில் பெட்டிகளுக்கு அடியில் கிடக்குமே மரப்பலகைத் தட்டு, அதுதான். ஒன்றுக்கு எழுபது எண்பது ஆணி வேண்டும். சுத்தியலால் அடித்தால் விடியாது. அதனால் காற்றில் இயங்கும் ஆணித் துப்பாக்கி. நாங்கள் சுருக்கமாக 'கன்' என்போம். கம்ப்ரெசரிலிருந்து வரும் காற்றுக்குழாயை அதன் வாலில் மாட்டுவார்கள். ஆணிகள் கம்பியில் கோத்துச் சுருளாக அதன் வயிற்றில் இருக்கும். முன்னால் ஒரு மூக்கு உண்டு. அந்த மூக்கைப் பலகையில் வைத்து அழுத்தி, பிறகு விசையை இழுத்தால் ஒரே அடியில் இரண்டரை அங்குல ஆணி தலைவரை உள்ளே போய்விடும். மூக்கை எதிலும் அழுத்தாமல் விசையை மட்டும் இழுத்தால் ஆணி வராது. வரக் கூடாது. ஆளைக் காப்பாற்றுவதே அந்த மூக்குதான்.

இதையெல்லாம் இப்போது அழகாகச் சொல்கிறேன். அன்றைக்குப் பயிற்சியில் உட்கார்ந்திருந்தபோது இதில் ஒரு வரியும் எனக்குத் தெரியாது.

பயிற்சி கொடுக்க ஜொகூர் பாருவிலிருந்து ரூபேந்திரன் என்ற இளைஞர் வந்தார். நல்ல பிள்ளை. சட்டையைக்கூட இஸ்திரி போட்டு வந்திருந்தார். திரையில் ஆங்கிலம், கம்பெனி விதிப்படி வாயில் மலாய், கையில் துப்பாக்கியின் படம். ஒவ்வொரு படம் முடிந்ததும் "ஃபாஹாம்?" என்று கேட்டார். புரிந்ததா என்று அர்த்தம். நாங்கள் பன்னிரண்டு பேரும் "ஃபாஹாம்!" என்று ஒரே குரலில் சொன்னோம். கோயிலில் 'அரோகரா' சொல்கிற மாதிரி, முதல் ஆள் சொன்னால் மற்றவர் வாயும் தானாகத் திறந்துகொள்ளும். அதில் நான் வாயைக்கூடத் திறக்கவில்லை. ஆட்டினேன்.

பயிற்சியின் கடைசியில் பத்துக் கேள்விகளுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். நான்கு பதிலில் சரியானதற்கு வட்டம் போட வேண்டும். ஏழாவது கேள்வி, ஆணி உள்ளே சிக்கிக்கொண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது. மலாயில் இருந்தது. அதில் பாதி வார்த்தை எனக்குத் தெரியும், எந்தப் பாதி என்பதில்தான் சந்தேகம். 'மேசையில் தட்டிப் பார்க்க வேண்டும்' என்பதற்கு வட்டம் போட்டேன். வீட்டில் ரிமோட் வேலை செய்யாவிட்டால் அப்படித்தானே செய்கிறோம்?

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் அமைதியாக, நிமிர்ந்து பார்க்காமல், நிதானமாக வட்டம் போடுவதைப் பார்த்து, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காளிதாஸ், 'அக்காவுக்கு எல்லாம் தெரியும்போல' என்று முடிவு செய்து என் தாளைப் பார்த்து எழுதினான். காளிதாஸைப் பார்த்து அவனுக்குப் பின்னால் இருந்தவன் எழுதினான். அப்படியே பன்னிரண்டு தாளும். ரூபேந்திரன் திருத்திவிட்டு முகம் மலர்ந்து போனார். எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்களாம்! பத்துக்கு ஆறு எடுத்தால் தேர்ச்சி. சரியாக ஆறுதான் எடுத்திருந்தோம். அந்த ஆறும் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பது கடவுளுக்கே வெளிச்சம். சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டில் பிரேம் போட்டு மாட்டினேன்.

அடுத்த வாரமே என் கையில் கன்னைக் கொடுத்தார் சூப்பர்வைசர் மூர்த்தி அண்ணன்.

"ராஜம்மா, நீங்க பொறுமையான ஆளு. இன்பராணிகூட மூனாவது மேசைக்குப் போங்க. ஓட்டத் தெரியும்தானே?"

ஆட்டினேன்.

இன்பராணி அக்காதான் எனக்கு மரம் பிடிக்கிறவர். அதாவது, பலகைகளை அடுக்கி, நகராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வார், நான் வரிசையாக அடித்துக்கொண்டு போவேன். மரம் பிடிக்கிறவர்களுக்குப் பயிற்சி கிடையாது. யோசித்துப் பாருங்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டவள் நான். விரல்களை வைத்திருப்பவர் அவர். அக்கா நான்கு பிள்ளை பெற்றவர், தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து மற்ற எல்லோருக்கும் கேட்கும்படி பாடுகிறவர், பயம் என்ற சாமான் வீட்டிலேயே கிடையாது. ஆனாலும் முதல் நாள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன்டி ராஜி, ஒனக்கு நல்லா தெரியும்ல? எனக்கு இந்தப் பத்து வெரலுதான். ஸ்பேர் இல்ல."

அதற்கும் ஆட்டினேன். புன்னகையோடு.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. தலையாட்டிகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து, பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது. நானும் தேர்ந்தவளைப்போல விசையில் விரலை வைத்தபடியே கன்னைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தேன். கண்ணுக்குப் போடக் கொடுத்த கண்ணாடியைத் தலைமுடி முன்னால் விழாமல் இருப்பதற்குப் பயன்படுத்தினேன். அக்காவின் விரலுக்குப் பக்கத்திலேயே, நூல் பிடித்த மாதிரி அடித்தேன். யாரோ பாராட்டவும் செய்தார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லோரி வெளியே நின்றுகொண்டிருந்தது. காலையில் கன்னை எடுத்தபோதே பார்த்தேன், அழுத்தினால் உள்ளே போகும் மூக்கு திரும்பி வெளியே வரவில்லை. மரப்பிசினும் தூளும் அப்பி, உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது, எப்போதும் அழுத்தியே இருக்கிற மூக்கு. விசையில் விரல் பட்டாலே ஆணி வரும்.

நான் பேசுவதில்தான் மோசம். பார்ப்பதில் கெட்டிக்காரி. யாருடைய செருப்பு மாறியிருக்கிறது, யார் யாரோடு சண்டை, எந்த பேலட்டில் ஆணி குறைகிறது, எல்லாம் என் கண்ணில் படும். அன்றைக்கு அந்த மூக்கும் பட்டது. மூர்த்தி அண்ணன் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் ஓகேவா?"

என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

பத்தரை மணி இருக்கும். கன் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. ஆணி சிக்கிக்கொண்டது. அக்கா பலகையில் வைத்த கையை எடுக்கவில்லை. ஏன் எடுக்க வேண்டும்? தெரிந்தவள் கையில்தானே கன் இருக்கிறது! நான் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூக்குக்குள் விட்டுக் குடைந்தேன். காற்றுக்குழாய் மாட்டியபடியே இருந்தது, விரல் விசை மேலேயே இருந்தது. பிறகு, ஏழாவது கேள்விக்கு நான் வட்டம் போட்ட பதிலை அப்படியே செய்தேன். மேசையில், அக்காவின் கைக்குப் பக்கத்தில் இருந்த பலகை மேல் ஒரு தட்டு.

சத்தம் வந்தது. அக்காவும் கத்தினார்.

அக்காவின் இடது கை உறையின் ஆட்காட்டி விரல் பலகையோடு சேர்த்து ஆணியடிக்கப்பட்டிருந்தது. எனக்குக் காது அடைத்துப்போனது. கம்ப்ரெசர் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அக்கா மெதுவாகக் கையை உருவினார். கை வந்துவிட்டது. உறை வரவில்லை. தொழிற்சாலையில் எப்போதும் ஆண்கள் அளவு கையுறைதான் வாங்குவார்கள், பெண்களுக்கு விரல் நுனியில் ஓர் அங்குலம் காலியாகத் தொங்கும். எத்தனையோ தடவை அதைத் திட்டியிருக்கிறோம். ஆணி போனது அந்தக் காலி அங்குலத்தில்.

அக்கா விரல்களை முகத்துக்கு நேராகப் பிடித்து, சந்தையில் எண்ணுகிற மாதிரி எண்ணினார். பத்து. மறுபடி எண்ணினார். பத்துதான்.

"யேசப்பா..." என்று மேசையில் சாய்ந்தவர், என் பக்கம் திரும்பினார். "ஏன்டி, ஒனக்குத் தெரியும்னு நெனச்சித்தானே நான் கைய வச்சிட்டு நின்னேன்? சிக்கினா எப்படி எடுக்கறதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

என் கழுத்து அப்படியே நின்றது.

"அந்த மூக்கு ஒட்டிக்கிட்டு இருந்தது காலையிலயே தெரியுமா?"

ஆட்டினேன். என் வாழ்நாளில் நான் ஆட்டிய முதல் உண்மையான தலையாட்டல் அதுதான்.

அக்கா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் தன் கையை மார்போடு அணைத்துக்கொண்டார். கைக்குழந்தையை எடுத்து வைத்துக்கொள்வதுபோல. அடியைவிட அது மோசமாக இருந்தது.

மூர்த்தி அண்ணன் ஓடி வந்தார். கையைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், வெளியே லோரியையும் பார்த்தார்.

"ஒன்னும் ஆகலல்ல? நல்ல வேள. வேற க்ளவ் போட்டுக்குங்க. எல்லாரும் இனிமே பாத்து செய்ங்க. சரியா? ஃபாஹாம்?"

பயிற்சிக்கு வந்த மற்ற பதினோரு தலைகளும் ஆடின. "ஃபாஹாம்!" என் கழுத்தும் வழக்கப்படி கீழே போனது. பாதி வழியில், பக்கத்தில் நிற்கிற அக்கா இன்னும் கையை அணைத்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. கழுத்து அங்கேயே நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை.

"புரியல" என்றேன்.

கம்ப்ரெசர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. காளிதாஸ் மட்டும் திரும்பினான்.

"அலமாக்! ராஜம்மா அக்கா பேசுறாங்கடா!"

மூர்த்தி அண்ணன் கம்ப்ரெசரை அணைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு கேட்காத மாதிரி இருக்க யாருக்கும் வழியில்லை. எனக்கும்தான். முகம் சூடாகி, காது சூடாகி, தலைமுடிகூடச் சூடானது.

"என்ன புரியல ராஜம்மா?"

"பாத்து செய்ங்கன்னு சொல்றீங்க. எதப் பாக்கணும்ணே? ஆணி சிக்கிக்கிட்டா மொதல்ல என்ன செய்யணும்?"

அண்ணன், "அதான் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்களே" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

அண்ணன் காளிதாஸைப் பார்த்தார். காளிதாஸ் என்னைப் பார்த்தான். "அக்கா, என்ன ஏன் மாட்டி விடுறீங்க? நான் ஒங்களப் பாத்துத்தானே எழுதினேன்!" அவனுக்குப் பின்னால் இருந்தவன், "நான் ஒன்னப் பாத்து" என்றான். அங்கிருந்து அது ஒவ்வொருவராகப் போய்க் கடைசி ஆள்வரை சேர்ந்தது. பன்னிரண்டு சான்றிதழுக்கும் அடியில் இருந்தது, ரிமோட்டைத் தட்டுகிற என் மூளை.

மூர்த்தி அண்ணன் தலையைச் சொறிந்தார். "நான் அன்னிக்கி பின்னால உக்காந்திருந்தேன், சரியா கேக்கல" என்றார். அவருடைய கழுத்தை நான் அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். மெதுவாக ஆட்டுகிற ரகம்.

ரூபேந்திரனுக்கே போன் போட்டார். மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். எங்கோ காரில் போய்க்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, விஷயத்தைக் கேட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டது.

"சிக்கினா மொதல்ல காத்துக் குழாயக் கழட்டணும். மத்தது எல்லாம் அதுக்கப்பறம்தான். கழட்டாம எதையும் தொடக் கூடாது. பதினாலாவது ஸ்லைட்ல இருந்துச்சே! மூக்கு திரும்பி வெளிய வரலன்னா அந்த கன்ன எடுக்கவே கூடாது. நடக்கும்போது விசையில வெரல் இருக்கக் கூடாது. மரம் பிடிக்கிறவங்க கைக்கும் அடிக்கிற எடத்துக்கும் ஒரு அடி எடவெளி வேணும். கண்ணாடி கண்ணுலதான் இருக்கணும். புரிஞ்சுதா?"

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

"ஹலோ? புரிஞ்சுதா? ஹலோ... லைன்ல இருக்கீங்களா?"

இன்னும் கொஞ்சம் பலமாக ஆட்டினோம்.

இன்பராணி அக்கா குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார். "தம்பி, இங்க எல்லாம் மண்டய ஆட்டிக்கிட்டு நிக்கிதுங்க. ஒன்னும் ஏறல. நீ மொதல்லேர்ந்து சொல்லு, ஒவ்வொன்னா சொல்லு, நாங்க செஞ்சி காட்டுறோம்."

அப்படித்தான் செய்தோம். குழாயைக் கழற்றினேன், 'புஸ்' என்று காற்று போனது. வளைந்த ஆணி வெளியே வந்தது. மூக்கைத் துடைத்து, பத்துத் தடவை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் துள்ளி வெளியே வந்தது. குழாயை மாட்டி, ஆள் இல்லாத பக்கம் ஒரு கழிவுப் பலகையில் அடித்துப் பார்த்தேன். புரியாத ஒவ்வொரு இடத்திலும் "இன்னொரு தரம்" என்று கேட்டேன். ஏழு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் வியர்த்தது. எட்டாவது தடவை காளிதாஸ் கேட்டான். லோரி ஓட்டுநர் இறங்கி வந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டு, அவரும் நின்று பார்த்தார். நாற்பது நிமிடம் போனது. உலகம் அப்படியே இருந்தது. புரியவில்லை என்று சொன்னதற்காக யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அக்கா மறுபடி எனக்கு மரம் பிடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிடித்தார், ஆனால் ஒரு நிபந்தனை. தினமும் காலையில் என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"மூக்கு?"

அழுத்திக் காட்ட வேண்டும்.

"சிக்கினா?"

"மொதல்ல குழாயக் கழட்டணும்."

"என் கை எங்க இருக்கணும்?"

"ஒரு அடி தள்ளிக்கா."

வாயால் சொல்ல வேண்டும். நினைவில்லாமல் நான் எப்போதாவது தலையாட்டிவிட்டால், கட்டிய கையை அவிழ்க்க மாட்டார். மூர்த்தி அண்ணன் வந்து நின்றாலும், லோரி ஹாரன் அடித்தாலும் அவிழ்க்க மாட்டார். என் குரல் காதில் விழுந்த பிறகுதான் பலகையில் கை வைப்பார்.

என் இனத்தை விட்டு நான் முழுவதுமாக வெளியேறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். போன வாரம்கூட ஒரு பெண் போனில் பேசினாள், எனக்கு ஏதோ ஒரு திட்டம் பொருந்துகிறது என்றாள், 'ம்' என்றேன். இப்போது என் வீட்டில் இரண்டு இன்டர்நெட் இருக்கிறது.

உங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. நீங்கள் படித்தவர்கள், கூட்டத்தில் எழுந்து பேசத் தெரிந்தவர்கள். மேலதிகாரி சொன்னது, டாக்டர் சொன்னது, வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் இருந்தது, மனைவி நேற்று இரண்டாவது தடவை சொன்னது, எல்லாம் உங்களுக்குத் தெளிவாகப் புரிந்திருக்கும். சரிதானே?

இப்போது ஆட்டினீர்களே, அதைத்தான் சொன்னேன். பரவாயில்லை, பழக்கம். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியும் என்று நம்பி, பலகையில் கை வைத்துக்கொண்டு எதிரே யார் நிற்கிறார்கள்?